வீட்டிலேயே முதுமை: ரெஜான் எபேரின் ஆய்வும் கியூபெக்கின் ஒருங்கிணைந்த பராமரிப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரெஜான் எபேர் என்பவர் யார்?

கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த முதியோர் நல மருத்துவர், நோய்ப்பரவலியல் ஆய்வாளர். ஷெர்ப்ரூக் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய அவர், 2004 முதல் 2010 வரை அங்கே மருத்துவ பீடாதிபதியாக இருந்தார். 2012 செப்டம்பரில் கியூபெக் மாகாணத்தின் சுகாதார, சமூக சேவைகள் அமைச்சரானார். 2014 ஏப்ரல் தேர்தலில் தோற்று அப்பதவியை இழந்தார். தள்ளாத வயதினர் தம் வீட்டிலேயே வாழ்வதற்கு எத்தகைய உதவி, யாரிடமிருந்து, எந்த ஒழுங்கில் வர வேண்டும் என்பதே அவருடைய ஆய்வு வாழ்வின் மையக் கேள்வி. அந்தக் கேள்வியை ஆய்வுக்கூடத்திலிருந்து அமைச்சரவை வரைக்கும் எடுத்துச் சென்றவர் என்பதால், இல்லப் பராமரிப்பைப் பற்றி அறிய விரும்புவோருக்கு அவருடைய பணி நல்ல நுழைவாயில்.

இல்லப் பராமரிப்பை ஏன் 'ஒருங்கிணைக்க' வேண்டியிருக்கிறது? கனடாவில் மருத்துவம் இலவசம்தானே?

மருத்துவரும் மருத்துவமனையும் இலவசம், மற்றவை அப்படியல்ல. 1984-ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டம் மருத்துவமனைச் சேவைகளையும் மருத்துவர் சேவைகளையும் மட்டுமே மாகாணங்கள் கட்டாயமாக ஈடுசெய்ய வேண்டியவையாக வைத்தது. குளிப்பாட்டுவது, உணவு தருவது, வீட்டைத் துப்புரவு செய்வது, இரவில் துணையிருப்பது ஆகியவை அந்தக் கட்டாயத்துக்கு வெளியே நின்றுவிட்டன. அதனால் ஒவ்வொரு மாகாணமும் தன் வசதிக்கேற்ப இல்லப் பராமரிப்பைக் கட்டிக்கொண்டது.

கியூபெக்கில் 1970-களின் தொடக்கத்திலேயே உள்ளூர்ச் சமூக சேவை மையங்கள் உருவாகின. அவற்றின் பிரெஞ்சுச் சுருக்கப் பெயரான சி.எல்.எஸ்.சி.யை மான்ட்ரியல் தமிழர்கள் எல்லோரும் அறிவார்கள். ஆனாலும் 80 வயதுப் பெண் ஒருவருக்கு இடுப்பெலும்பு முறிந்தால், அறுவை சிகிச்சை செய்வது மருத்துவமனை, தாதியை அனுப்புவது சி.எல்.எஸ்.சி., சமையலுக்கும் துப்புரவுக்கும் ஆள் அனுப்புவது ஒரு சமூகப் பொருளாதார நிறுவனம் (லாப நோக்கின்றியோ கூட்டுறவாகவோ இயங்குவது), சூடான உணவைக் கொண்டுவருவது தொண்டர் அமைப்பு, மருந்தை எழுதுவது தனியே இயங்கும் குடும்ப மருத்துவர். இவர்களில் ஒவ்வொருவரும் தத்தம் படிவத்தை நிரப்புவார்கள், தத்தம் கேள்விகளைக் கேட்பார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. இத்தனை பேரையும் தொலைபேசியில் துரத்திப் பிடிக்கும் வேலை பெரும்பாலும் மகள் ஒருவரின் தலையில்தான் விழும்.

பிரிஸ்மா என்பது என்ன?

1999-இல் எபேரும் அவருடைய சகாக்களும் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தின் சுருக்கப் பெயர் பிரிஸ்மா. முதியோர் தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் ஆற்றலைத் தக்கவைக்கும் சேவைகளை ஒருங்கிணைப்பது அதன் நோக்கம். அதற்கு முன்பே, 1997-இல், விக்டோரியாவில் (Victoriaville) என்னும் கியூபெக் நகரைச் சுற்றியுள்ள புவா-ஃப்ராங் பகுதியில் இதன் முதல் முயற்சி நடந்திருந்தது.

ஒருங்கிணைப்பில் மூன்று நிலைகள் உண்டென்று அமெரிக்க ஆய்வாளர் வால்டர் லூட்ஸ் 1999-இல் எழுதினார். அமைப்புகள் ஒன்றையொன்று அறிந்து நோயாளரை அனுப்பிவைப்பது முதல் நிலை. தனித்தனியாக இருந்துகொண்டே பொது விதிகளின்படி சேர்ந்து இயங்குவது இரண்டாம் நிலை. ஒரே நிர்வாகம் ஒரே நிதியில் எல்லாவற்றையும் தானே வழங்குவது மூன்றாம் நிலை. மூன்றாவதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு சான் பிரான்சிஸ்கோவின் சீனர் குடியிருப்பில் 1970-களின் தொடக்கத்தில் உருவான ஆன் லோக். மான்ட்ரியலில் 1999 முதல் 2001 வரை நடந்த சிபா என்னும் சோதனையும் அந்த வகைதான். அதை நடத்தியவர்கள் ஹவர்ட் பெர்க்மனும் பிரான்சுவா பெலாந்தும்.

எபேர் இரண்டாம் நிலையைத் தேர்ந்தார். பொது நிதியில் இயங்கும் மருத்துவமனைகளும் சி.எல்.எஸ்.சி.களும் ஏற்கெனவே உள்ள இடத்தில் அவற்றுக்கு இணையாகப் புதியதோர் அமைப்பைக் கட்டினால், நோயாளர் கடந்து செல்ல வேண்டிய கதவுகளோடு இன்னொரு கதவுதான் சேரும். இருக்கும் கதவுகளுக்கு இடையே வழி அமைப்பதே மேல் என்பது அவருடைய வாதம். எனக்கு இது சரியாகவே படுகிறது. ஆனால் இந்த வழியில் எவருக்கும் எவர்மீதும் அதிகாரம் இல்லை என்ற சிக்கல் உண்டு. அது பின்னால் தலைகாட்டும்.

பிரிஸ்மா முறையில் என்னென்ன உறுப்புகள் உள்ளன?

ஆறு. முதலாவது, முடிவெடுப்போரின் கூட்டு மேசை: மருத்துவமனை, சி.எல்.எஸ்.சி., நீண்டகாலப் பராமரிப்பு இல்லம், தனியார் நிறுவனம், தொண்டர் அமைப்பு ஆகியவற்றின் பொறுப்பாளர்கள் மண்டல அளவிலும் உள்ளூர் அளவிலும் ஒன்றாக உட்கார்ந்து, யார் எதைத் தருவது என்பதை ஒப்புக்கொள்கிறார்கள். அடுத்தது, யார் எங்கிருந்து அழைத்தாலும் வந்துசேரும் ஒற்றை நுழைவாயில். மூன்றாவது, கேஸ் மேனேஜர் எனப்படும் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர். தனிநபருக்கான சேவைத் திட்டம், எல்லோரும் பயன்படுத்தும் ஒரே மதிப்பீட்டுக் கருவி, எல்லோரும் பார்க்கக்கூடிய கணினிக் கோப்பு ஆகியவை மற்ற மூன்று.

பலரும் இந்தப் பட்டியலைப் படித்ததும் கணினிக் கோப்பைப் பிடித்துக்கொள்வார்கள், ஏனெனில் அது பணம் கொடுத்தால் வாங்கக் கிடைப்பது. உண்மையில் கடினமானது முதல் உறுப்பு. பதவிப் பொறுப்பாளர்கள் தம் எல்லையைச் சிறிது விட்டுக்கொடுக்காமல் கீழே யாராலும் எதையும் ஒருங்கிணைக்க முடியாது.

பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் அன்றாடம் என்ன செய்கிறார்?

இவர் பெரும்பாலும் தாதியாகவோ சமூகப் பணியாளராகவோ இருப்பார். ஏறத்தாழ 40 முதியோர் இவர் பொறுப்பில் இருப்பார்கள். வீட்டுக்கு வந்து மதிப்பிடுவது, குடும்பத்தோடு பேசித் திட்டம் வகுப்பது, மருத்துவரிடமும் மருந்தாளரிடமும் பேசுவது, துப்புரவு ஆள் வரவில்லை என்றால் அந்த நிறுவனத்தை அழைப்பது, மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டால் அங்கேயும் பின்தொடர்ந்து வீடு திரும்பும் நாளுக்கு ஏற்பாடு செய்வது என எல்லாம் அவர் பொறுப்பு. எந்த நிறுவனத்தில் சம்பளம் வாங்கினாலும், அந்த முதியவர் எங்கே இருக்கிறாரோ அங்கெல்லாம் அவருக்காகப் பேசும் உரிமை இவருக்கு உண்டு என்பதுதான் இந்தப் பதவியின் உயிர்நாடி.

சிக்கல் இதுதான்: வாரத்துக்கு மூன்று முறை குளியல் உதவி வேண்டும் என்று திட்டத்தில் எழுதலாம், ஆனால் சி.எல்.எஸ்.சி.யின் நிதி ஒருமுறைக்கு மட்டுமே போதும் என்றால், மீதி இரண்டையும் வாங்கித் தர ஒருங்கிணைப்பாளரின் கையில் பணம் கிடையாது. எபேர் பின்னாளில் அரசியலில் இறங்கியதற்கான காரணத்தை இங்கேயே தேடலாம் என்று நினைக்கிறேன்.

எஸ்மாஃப் என்ற மதிப்பீட்டுக் கருவி எப்படி வேலை செய்கிறது?

பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'எஸ்மாஃப்' என்கிறார்கள். 1980-களில் எபேரும் சகாக்களும் உருவாக்கியது. நோய் என்ன என்று இது கேட்பதில்லை. மனிதரால் என்ன செய்ய முடிகிறது, என்ன செய்ய முடியவில்லை என்று கேட்கிறது. மொத்தம் 29 செயல்கள்: உண்பது, குளிப்பது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகள் 7, நடமாட்டம் 6, பார்வை, செவிப்புலன், பேச்சு 3, நினைவு, முடிவெடுத்தல் போன்ற மனச் செயல்கள் 5, சமையல், கடைக்குப் போதல், மருந்தை வேளைக்கு எடுத்தல், பணக் கணக்கு போன்ற வீட்டு நிர்வாகம் 8.

குளியலை எடுத்துக்கொள்வோம். தானே குளிப்பவருக்குப் புள்ளி 0. தானே குளித்தாலும் சிரமப்படுபவருக்கு கழித்தல் 0.5. பக்கத்தில் யாராவது நின்று கவனிக்க வேண்டும், அல்லது குளிக்கும்படி நினைவூட்ட வேண்டும் என்றால் கழித்தல் 1. கைகொடுத்து உதவ வேண்டும் என்றால் கழித்தல் 2. முழுக்கப் பிறரே குளிப்பாட்ட வேண்டும் என்றால் கழித்தல் 3. எல்லாவற்றிலும் முழு உதவி வேண்டியவரின் கணக்கு கழித்தல் 87-இல் முடியும்.

கருவியின் நுட்பம் இதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. ஒவ்வொரு குறைபாட்டுக்கும், இப்போது அந்த உதவியை யார் செய்கிறார்கள், அது போதுமா, அடுத்த சில வாரங்களில் அந்த உதவி அப்படியே நீடிக்குமா, குறையுமா என்றும் மதிப்பீட்டாளர் குறிக்கிறார். கழித்தல் 2 பெற்ற ஒருவருக்கு நாள்தோறும் மருமகள் குளிக்க உதவுகிறார் என்றால் குறைபாடு இருக்கிறது, ஈடுசெய்யப்படாத தேவை இல்லை. அடுத்த மாதம் அந்த மருமகளுக்குப் பிரசவம் என்றால் தேவை எப்போது பிறக்கும் என்பதும் தாளிலேயே தெரிந்துவிடுகிறது. முதுமையை அளக்கும் கருவிகள் பல உண்டு. வீட்டில் உதவும் ஆளின் நிலையையும் சேர்த்து அளப்பவை குறைவு.

இந்த மதிப்பீடுகளை ஒப்பிட்டு, ஒத்த நிலையில் உள்ளவர்களை 14 வகைகளாகப் பிரித்தார்கள். தொடக்க வகைகளில் வீட்டு வேலையில் மட்டும் தடுமாறுபவர்கள். நடுவே உடல் முடங்கியவர்களும் மனம் தளர்ந்தவர்களும் தனித்தனிக் கிளைகளாக. கடைசி வகைகளில் முழுநேரப் பராமரிப்பு தேவைப்படுபவர்கள். ஒவ்வொரு வகைக்கும் எத்தனை மணிநேர உதவி வேண்டும், எவ்வளவு செலவாகும் என்று கணக்கிடலாம் என்பதால் திட்டமிடுவோருக்கு இது பெரிய வசதி.

பிரிஸ்மா-7 என்று மருத்துவர்கள் சொல்வது இதுதானா?

அல்ல, அது முழு மதிப்பீட்டுக்கு முந்தைய வடிகட்டி. வயது 85-க்கு மேலா, ஆணா, செயல்பாடுகளைக் குறைத்துக்கொள்ளும்படியான உடல்நலக் குறை உண்டா, முறையாக ஒருவரின் உதவி தேவைப்படுகிறதா, உடல்நலக் குறையால் வீட்டிலேயே இருக்க வேண்டியிருக்கிறதா, தேவைப்பட்டால் நெருங்கியவர் ஒருவரை நம்பலாமா, ஊன்றுகோலோ நடைவண்டியோ சக்கர நாற்காலியோ பயன்படுத்துகிறாரா என்பவை அந்த ஏழு கேள்விகள். மூன்றோ அதற்கு மேலோ 'ஆம்' என்று வந்தால் முழு மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆணாய்ப் பிறந்ததற்கு ஒரு புள்ளியா என்று கேட்போர் உண்டு; செயல்திறன் சரிவை முன்னறிவிக்கும் காரணியாகத் தரவில் தெரிந்ததால் அந்தக் கேள்வி இடம்பெற்றது. பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையிலும் இந்த ஏழு கேள்விகள் புழக்கத்தில் இருக்கின்றன.

இந்த முறை பலன் தந்தது என்பதற்கு என்ன ஆதாரம்?

கியூபெக்கின் எஸ்த்ரி மண்டலத்தில் மூன்று இடங்களில் முறை நடைமுறைக்கு வந்தது: நகரமான ஷெர்ப்ரூக், உள்ளூர் மருத்துவமனை உள்ள நாட்டுப்புறப் பகுதியான கிரானி, மருத்துவமனையே இல்லாத குவாட்டிகுக். ஒப்பிடுவதற்கு ஷோதியேர்-அப்பலாஷ் மண்டலத்திலிருந்து லெவி, மோன்மாஞ்ஞி, லீலே ஆகிய பகுதிகளை எடுத்தார்கள். 75 வயதைத் தாண்டியவர்களும் செயல்திறன் சரியும் ஆபத்தில் உள்ளவர்களுமான 1,501 பேரை 2001 முதல் நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். முடிவுகள் 2010-இல் வெளியாயின.

முதல் இரண்டு ஆண்டுகளில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முறை எந்த அளவுக்கு நடைமுறைக்கு வந்திருக்கிறது என்பதையும் ஆய்வாளர்கள் தனியே அளந்தார்கள். அந்த அளவு 70 சதவீதத்தைத் தாண்டிய பிறகே வேறுபாடு தெரியத் தொடங்கியது. கடைசி இரண்டு ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால், பிரிஸ்மா பகுதிகளில் 1,000 பேருக்கு 62 பேர் குறைவாகச் செயல்திறன் சரிவுக்கு ஆளானார்கள். நான்காம் ஆண்டில் மட்டும் அந்த வேறுபாடு 137. ஈடுசெய்யப்படாத தேவைகள் ஒப்பீட்டுப் பகுதியில் ஏறத்தாழ இரு மடங்கு. அவசரப் பிரிவுக்குச் செல்வதும் மருத்துவமனையில் தங்குவதும் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தன. மனநிறைவும், தம் பராமரிப்பைப் பற்றித் தாமே முடிவெடுக்கிறோம் என்ற உணர்வும் பிரிஸ்மா பகுதிகளில் கூடுதலாக இருந்தன.

இந்த ஆய்வில் குறையே இல்லையா?

இருக்கிறது. யார் எந்தப் பகுதியில் வாழ்வது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய முடியாது. ஆகவே இது சமவாய்ப்புச் சோதனை அல்ல, இரு மண்டலங்களின் ஒப்பீடு மட்டுமே. இரண்டு மண்டலங்களுக்கும் இடையே வேறு வேறுபாடுகளும் இருந்திருக்கலாம். முறையை வகுத்தவர்களும் அளந்தவர்களும் ஒரே குழுவினர். இருந்தும் நான்கு ஆண்டுகள் பொறுமையாகக் காத்திருந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். சுகாதாரத் துறையில் பெரும்பாலான முன்னோடித் திட்டங்கள் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் மதிப்பிடப்பட்டு 'பலன் இல்லை' என்று மூடப்படுகின்றன. அந்தக் கெடுவில் அளந்திருந்தால் பிரிஸ்மாவும் தோற்றதாகத்தான் எழுதியிருப்பார்கள்.

ஒருங்கிணைத்தால் செலவு குறையுமா?

அமைச்சர்கள் முதலில் கேட்கும் கேள்வி இது. மான்ட்ரியலின் சிபா சோதனையில் மொத்தச் செலவு குறையவில்லை; கூடவும் இல்லை. நிறுவனங்களில் செலவான பணம் வீட்டுச் சேவைகளுக்கு இடம்பெயர்ந்தது. மருத்துவ ரீதியாக வீடு செல்லத் தகுதி பெற்றும் ஏற்பாடில்லாமல் மருத்துவமனைக் கட்டிலில் காத்துக்கிடந்தவர்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தது. அதே பணத்தில் முதியவர் தன் வீட்டில் இருக்கிறார் என்பதை வெற்றியாகக் கருதுவதா இல்லையா என்பது கணக்காளர் தீர்க்கக்கூடிய கேள்வியன்று.

வேறு நாடுகள் இதைப் பின்பற்றினவா?

பிரான்ஸ் பின்பற்றியது. பாரிசின் 20-ஆம் வட்டாரம், எத்தாம்ப், முலூஸ் ஆகிய மூன்று இடங்களில் சோதித்த பிறகு, 2008–2012 அல்சைமர் திட்டத்தின்கீழ் 'மாயா' என்ற பெயரில் நாடெங்கும் விரித்தார்கள். கியூபெக்கைவிட அங்கே நிதி வழங்கும் அமைப்புகள் அதிகம் என்பதால் கூட்டு மேசையில் உட்கார வைப்பதே பெரும்பாடாக இருந்தது.

அமைச்சரானதும் எபேர் என்ன செய்தார்?

2013 மே மாதத்தில் 'தற்சார்புக் காப்பீடு' பற்றிய வெள்ளை அறிக்கையை வெளியிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் சட்ட முன்வரைவைக் கொண்டுவந்தார். எண்ணம் எளிமையானது: ஒவ்வொருவரையும் எஸ்மாஃப் கொண்டு மதிப்பிட்டு, அவர் சேர்ந்த வகைக்கு ஏற்ப ஒரு தொகையை ஒதுக்குவது. அந்தத் தொகை நிறுவனத்துக்கு உரியதாக இல்லாமல் மனிதருக்கு உரியதாகிறது. பொதுத்துறைச் சேவையாகவோ, சமூகப் பொருளாதார நிறுவனத்திலிருந்தோ, தாமே அமர்த்தும் பணியாளர் வழியாகவோ அதை அவர் பயன்படுத்தலாம். ஒருங்கிணைப்பாளர் துணை நிற்பார். மேலே சொன்ன சிக்கலுக்கு, அதாவது திட்டம் ஒருவர் கையிலும் பணம் வேறொருவர் கையிலும் இருப்பதற்கு, இது நேரடியான விடை. ஜெர்மனி 1995-லும் ஜப்பான் 2000-லும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கியிருந்தன என்பதால் இது வானத்திலிருந்து விழுந்த யோசனையும் அல்ல.

2014 ஏப்ரல் 7 தேர்தலில் ஆட்சி மாறியது. சட்ட முன்வரைவு நிறைவேறாமலே காலாவதியானது.

இன்று கியூபெக்கில் இந்த ஆய்வின் தடம் எங்கே இருக்கிறது?

எஸ்மாஃப் மாகாணம் முழுவதும் இல்லப் பராமரிப்பு மதிப்பீட்டில் இடம்பெற்றது. முதியோருக்கான ஒருங்கிணைந்த சேவை வலையமைப்பு என்ற கருத்தும் அரசின் கொள்கையாயிற்று. ஆனால் அதே காலத்தில் நிர்வாகக் கட்டமைப்பு இரண்டு முறை உடைத்துக் கட்டப்பட்டது. 2004-இல் சி.எல்.எஸ்.சி.யும் மருத்துவமனையும் பராமரிப்பு இல்லமும் ஒரே உள்ளூர் நிர்வாகத்தின்கீழ் வந்தன. 2015-இல் அவை இன்னும் பெரிய மண்டல நிறுவனங்களில் கரைந்தன. வெளித்தோற்றத்தில் இது ஒருங்கிணைப்பின் உச்சம். நடைமுறையில், மருத்துவமனையும் இல்லப் பராமரிப்பும் ஒரே பணப்பையைப் பகிரும்போது, நிரம்பி வழியும் அவசரப் பிரிவுதான் முதலில் கையை நீட்டுகிறது. கியூபெக்கின் அமைப்பு மருத்துவமனையையே மையமாகக் கொண்டிருக்கிறது என்று எபேரும் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார். 2020 வசந்தத்தில் கோவிட் தொற்று நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் புகுந்து பெருந்தொகையான உயிர்களைப் பறித்து, கனடா இராணுவத்தினர் உதவிக்கு அனுப்பப்பட்டபோது, வீட்டில் வைத்துப் பார்த்திருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியைப் பலரும் எழுப்பினார்கள்.

மான்ட்ரியலில் உள்ள தமிழ்க் குடும்பம் இந்தச் சேவையை எப்படிக் கேட்பது?

பார்க் எக்ஸ்டென்ஷன், கோட்-டெ-நேஜ் போன்ற பகுதிகளில் வாழ்வோர் தம் முகவரிக்கு உரிய சி.எல்.எஸ்.சி.யை நேரடியாக அழைக்கலாம். 811 என்ற எண்ணிலும் வழி கேட்கலாம். முதியவரே கேட்கலாம், பிள்ளைகள் கேட்கலாம், மருத்துவமனையோ குடும்ப மருத்துவரோ அனுப்பி வைக்கலாம். இல்லப் பராமரிப்புக்கான மதிப்பீடு வேண்டும் என்று தெளிவாகச் சொல்வது நல்லது.

மதிப்பீட்டு நாளில் நம் வீடுகளில் ஒரு விசித்திரம் நடக்கும். விருந்தினர் வருகிறார் என்று அம்மா நல்ல சேலை உடுத்தி, தலைவாரி, தேநீர் போட்டுக் கொடுப்பார். குளிக்க உதவி வேண்டுமா என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்டும் வேண்டாம், நானே பார்த்துக்கொள்ளுவன்" என்பார். மொழிபெயர்க்கும் மகளும் அம்மாவின் மானத்தைக் காக்க அதை அப்படியே சொல்லிவிடுவார். தாளில் 0 விழும். ஆகவே சந்திப்பு குறிக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். முந்தைய இரண்டு வாரங்களில் யார் எந்த வேலைக்கு உதவினார்கள், இரவில் எத்தனை முறை எழுப்பினார்கள், எங்கே தடுக்கி விழுந்தார் என்பதை எழுதி வையுங்கள். மகளோ மருமகளோ உதவுவதையும் உதவியாகவே சொல்லுங்கள். எஸ்மாஃப் அதற்கென்றே ஒரு கட்டம் வைத்திருக்கிறது.

காத்திருப்புப் பட்டியலில் வைத்தால், நிலை மோசமானவுடன் மறுமதிப்பீடு கேட்கலாம். காத்திருக்கும் காலத்தில், 70 வயதை எட்டியவர்கள் வீட்டு உதவிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை மாகாண வரிச் சலுகையாகத் திரும்பப் பெறலாம்; வருமான வரி கட்டாதவருக்கும் இது கிடைக்கும். துப்புரவு, சமையல் உதவிக்கு அங்கீகாரம் பெற்ற சமூகப் பொருளாதார நிறுவனத்தை அமர்த்தினால் மணிக் கட்டணத்தில் அரசு ஒரு பங்கை ஏற்கும். இரண்டுக்கும் விண்ணப்பிக்க வேண்டும், தானாக வராது.